சினாப்டிக்கா, மென்பொருள் மேலாளரா?

சென்ற மாதம் அக்காவின் மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா பள்ளி ஆசிரியை. பழைய வினாத்தாள்களை ஸ்கேன் செய்து திருத்தக்கூடிய எழுத்தாக மாற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் தேவை. மின்ட்டில் மென்பொருள் நிறுவ இரண்டு கருவிகள் உடனேயே வந்துவிடுகின்றன: மின்ட்டின் சொந்த மென்பொருள் மேலாளர், பழைய சினாப்டிக். என் கணினியில் இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 24.04 ஓடுகிறது, அதில் மென்பொருள் நிறுவ இருப்பது ஆப் சென்டர். மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்திய பிறகு, பராமரிப்புப் பொறுப்பு என்னுடையதாக இருக்கும் கணினி எதுவானாலும் நான் திறப்பது சினாப்டிக்கைத்தான்.

அழகில் சினாப்டிக் கடைசி என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். மென்பொருள் மேலாளரில் படம், நட்சத்திர மதிப்பீடு, பயனர் கருத்து எல்லாம் உண்டு. சினாப்டிக்கில் வரிசை வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னக் கட்டம். 2001இல் பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனத்துக்காக ஆல்ஃப்ரெடோ கோஜிமா தொடங்கிய கருவி இது. அந்தக் காலத்து முகம் இன்னும் அதிகம் மாறவில்லை. உபுண்டு 11.10 வந்தபோது இயல்பாக நிறுவப்படும் மென்பொருள்களிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். புதியவரை மிரட்டும் என்ற கவலையில் நியாயம் உண்டு.

நான் பார்ப்பது வேறு. பொத்தானை அழுத்திய பிறகு என்னென்ன நடக்கப் போகிறது என்பதை, அது நடப்பதற்கு முன்பே கருவி என்னிடம் சொல்கிறதா?

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக, அதாவது நிறுவத் தயாரான கோப்புத் தொகுப்புகளாக வருகின்றன. சினாப்டிக்கில் ஒரு பொதியைக் குறியிட்டால் எதுவும் உடனே நிறுவப்படுவதில்லை. அதற்கு வேறு பொதிகள் தேவைப்பட்டால், "இந்தக் கூடுதல் மாற்றங்களையும் குறிக்கலாமா?" என்று ஒரு பெட்டி திறக்கிறது. நிறுவப்படுபவை தனித் தலைப்பில், நீக்கப்படுபவை தனித் தலைப்பில். அதன் பிறகும் வேண்டியதையெல்லாம் குறியிட்டு முடித்து, 'செயல்படுத்து' என்று அழுத்தும்போது மொத்தக் கணக்கும் மறுபடி வருகிறது: எவ்வளவு பதிவிறக்கம், வட்டில் எவ்வளவு இடம். சந்தையில் பையில் போட்ட பிறகு விலை கேட்பதற்கும், கேட்டுவிட்டுப் போடச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது.

சென்ற ஆண்டு இந்தப் பெட்டிதான் என்னைக் காப்பாற்றியது. ஒலித் தொகுப்பு மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்புக்காக வெளிக் களஞ்சியம் (பொதிகளைத் தரும் இணையச் சேமிப்பிடம்) ஒன்றைச் சேர்த்திருந்தேன். பொதியைக் குறியிட்டதும் 'நீக்கப்படுபவை' தலைப்பின் கீழ் பெயர்கள் நீண்டுகொண்டே போயின. நான்காவது வரியில், சாளரங்களையும் பட்டிகளையும் காட்டும் மேசைத்தளத்தின் முதன்மைப் பொதி! ரத்து செய்தேன், களஞ்சியத்தையும் நீக்கினேன். அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடம் கிடைக்காதவர் கதையைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். 2021 நவம்பரில் கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். வரைகலைக் கடை பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்துக்குப் போனார். அங்கே எச்சரிக்கை இருந்தது. ஆனால் ஏகப்பட்ட பொதிப் பெயர்களுக்கு நடுவே இருந்தது. அது கேட்ட உறுதிப்படுத்தும் வரியைத் தட்டச்சு செய்தார், மேசைத்தளமே போய்விட்டது. அவரைக் குறை சொல்லி நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு கருவி குறைவாகச் சொன்னது, இன்னொன்று எல்லாவற்றையும் ஒரே குரலில் கொட்டியது. எது வருகிறது, எது போகிறது என்று பிரித்துக் காட்டியிருந்தால் நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மென்பொருள் மேலாளரும் கூடுதல் மாற்றங்கள் இருந்தால் பட்டியலைக் காட்டிக் கேட்கிறது. அந்த வகையில் நல்ல பிள்ளை. சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை (பல லினக்ஸ்களிலும் ஓடும் பொதுவான பொதி வடிவம்) மின்ட் 22 முதல் இயல்பாகவே மறைத்து வைப்பதும் சரியான முடிவு. ஃபிளாட்பேக்கில் நான் இரண்டு மூன்று மென்பொருளுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. ஆகவே அந்தப் பக்கத்தில் என் அனுபவம் குறைவு. உபுண்டுவின் ஆப் சென்டர் முன்னால் நிறுத்துவது உபுண்டுவின் சொந்தப் பொதி வடிவமான ஸ்னாப் பொதிகளை. அவை நாளுக்கு நான்கு முறை தாமாகவே புதுப்பிப்பு தேடிக்கொள்கின்றன. கணினியைக் கவனிக்க ஆளில்லாத வீட்டுக்கு அது வசதிதான். கவனிக்கிறவனுக்கு, தன் கைக்குத் தெரியாமல் வேலை நடக்கிறது.

அக்காவின் தேவைக்கு வருகிறேன். படத்திலிருந்து எழுத்தறியும் டெசராக்ட் கருவிக்குத் தமிழ்த் தரவு தனிப் பொதியாக வருகிறது. அதற்குச் சின்னமோ சாளரமோ கிடையாது. 'செயலி' என்ற கணக்கில் வராதவற்றை ஆப் சென்டர் போன்ற கடைகள் காட்டுவதில்லை. சினாப்டிக்கில் டெசராக்ட் என்று தேடினேன்; நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வரிசையாக வந்தன. தமிழைக் குறியிட்டேன், முடிந்தது.

பிறகு பழுதுபார்க்கும் வேலை. 'நேற்றிலிருந்து அச்சு வரவில்லை' என்று யாராவது அழைத்தால், சினாப்டிக்கின் கோப்புப் பட்டியில் 'வரலாறு' திறந்து எந்தத் தேதியில் எது வந்தது, எது போனது என்று பார்க்கலாம். சினாப்டிக் வழியாகச் செய்தவை மட்டுமே அதில் பதிவாகும் என்பது குறை. உடைந்த பொதிகளைச் சரிசெய்யவும், தேவையற்றுத் தங்கிவிட்டவற்றைத் தனியே வடிகட்டவும் அதிலேயே இடம் இருக்கிறது.

சினாப்டிக்கைத் திருத்த என்னிடம் விட்டால் முதலில் ஒன்று செய்வேன்: ஒரு பொதி ஏன் நீக்கப்படுகிறது என்று அதன் பக்கத்திலேயே ஒரு வரி. இப்போது பெயர் மட்டும்தான் தெரிகிறது. காரணத்தை நாமே தேட வேண்டியிருக்கிறது. முழுச் சாளரமும் நிர்வாகி அதிகாரத்தோடு திறப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பட்டியலைப் பார்க்க மட்டும் எதற்குக் கடவுச்சொல்?

அக்காவின் கணினியில் இரண்டு சின்னங்களையும் விட்டுவைத்தேன். "புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் மேலாளரில் தேடு. எந்தப் பெட்டியிலாவது 'நீக்கப்படும்' என்று வந்தால் கை வைக்காமல் என்னைக் கூப்பிடு" என்று சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் கூப்பிட்டார். பட்டியலை வாசிக்கச் சொன்னேன். மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் பழைய நிரல் நூலகப் பொதி ஒன்று போய், அதன் புதிய பதிப்பு வருகிறது, அவ்வளவுதான். அழுத்தச் சொன்னேன்.