பழைய டீசல் எஞ்சின்: சீரிஸ் 60-ஆ, 3406இ-ஆ, என்14-ஆ?
பழைய செமி ட்ரக் (ட்ரெய்லர் இழுக்கும் லாரி) வாங்கப் போனால் பெயின்ட்டை விடுங்கள், எஞ்சினைப் பாருங்கள். என் ஓட்டு டெட்ராய்ட் சீரிஸ் 60-க்குத்தான், அதுவும் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) வருவதற்கு முந்தைய 12.7 லிட்டர், 1987-லேயே முழு மின்னணுக் கட்டுப்பாட்டோடு வந்த எஞ்சின், மைலேஜும் நன்றாகவே தரும். ஏற்றத்தில் இழுவைதான் வேண்டும் என்றால் கேட்டர்பில்லர் 3406இ, 14.6 லிட்டர், சத்தமே தனி சுகம், ஆனால் டீசலும் குடிக்கும், உதிரி பாகத்துக்குப் பர்ஸைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கம்மின்ஸ் என்14? சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, மூன்று தனித்தனித் துண்டு, ஒன்றில் கேஸ்கெட் போனால் அதை மட்டும் கழற்றினால் போதும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. எதை எடுத்தாலும் சரி, எஞ்சின் சூடானதும் ஆயில் மூடியைத் திறந்து எவ்வளவு புகை தள்ளுகிறது என்று பாருங்கள் (அதிகம் என்றால் உள்ளே தேய்மானம் இருக்கலாம்), அப்புறம் ஆயிலை லேபில் கொடுத்துச் சோதியுங்கள். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.