பயிருக்குத் தாகமா, பசியா? மண் ஈரங்காட்டி வாங்க நினைப்பவர்களுக்கு

மண்ணில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் இந்தக் கருவியை வாங்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் பக்கம் கிணற்றுத் தண்ணீரையும், பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட வாய்க்காலில் முறை வைத்து விடுகிற தண்ணீரையும் நம்பி மக்காச்சோளம் போடுகிறவள் நான். என் காட்டில் இந்தக் கருவி தண்ணீரை மிச்சம் பிடித்ததைவிட உரத்தை வீணாகாமல் காத்ததுதான் அதிகம். வாங்கும்போது இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கருவி ரொம்ப எளிது. கையில் பிடிக்கிற சின்னப் பெட்டி, கீழே இரண்டு உலோகக் கம்பி. மண்ணில் குத்திப் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும். நீலம் எரிந்தால் ஈரம் தாராளம். பச்சை என்றால் போதுமானது, இப்போதைக்குப் பாய்ச்ச வேண்டாம். ஆரஞ்சு வந்தால் குறைகிறது, தண்ணீர் கட்டலாம். சிவப்பு என்றால் தள்ளிப்போடக் கூடாது. கோயம்புத்தூரில் 1912 முதல் இருக்கிற கரும்பு இனப்பெருக்க நிறுவனம் கரும்புக்காக உருவாக்கியது இது. அவர்களிடம் உரிமம் வாங்கியவர்கள் செய்து விற்கிறார்கள். எனக்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. எண்ணைப் படித்துக் கணக்குப் போடுகிற வேலை இல்லாததால் காட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருமே பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

அப்புறம் உர விஷயம். முழங்கால் உயரப் பயிர் வெளுக்க ஆரம்பித்தால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான். என் மாமனாரும் அதைத்தான் சொன்னார். “ஏம்மிணி, பயிர் வெளுத்துக் கெடக்குது, அரை மூட்டை யூரியா வீசுனா பச்சை கட்டிக்குமல்லோ?” கம்பியைக் குத்தினேன், சிவப்பு. “இருங்க மாமா, மண்ணுல ஈரமே இல்லீங்க. முதல்ல தண்ணி கட்டீரலாமுங்க” என்றேன். அடியுரமும் முதல் மேலுரமும் போட்ட காடு அது. தண்ணீர் பாய்ந்த பிறகு, யூரியா போடாமலே புதுக் குருத்து நல்ல பச்சையாக வந்தது. ஏற்கெனவே முழுசாக மஞ்சளாகிவிட்ட அடி இலைகள் திரும்பவில்லை. அவை திரும்பாது.

இதில் மாயம் எதுவும் இல்லை. தழைச்சத்து நைட்ரேட்டாக மண் ஈரத்தில் கரைந்து கிடக்கும். இலை வழியாக நீர் ஆவியாகப் போகப் போக வேர் தண்ணீரை இழுக்கும், அந்தத் தண்ணீரோடு நைட்ரேட்டும் வேருக்கு வந்து சேரும். ஈரம் குறைந்தால் பயிர் இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. இழுப்பும் நிற்கிறது, சத்து வருவதும் நிற்கிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இன்னும் மோசம். அவை மண் துகள்களைச் சுற்றியிருக்கிற மெல்லிய நீர்ப்படலத்தின் வழியாக மெதுவாக ஊர்ந்துதான் வேரை அடைய வேண்டும், மணிச்சத்து நகருகிற தூரமே சில மில்லிமீட்டர்தான். படலம் காய்ந்து அறுந்தால் வழியே கிடையாது. இதற்கு மேல், நாம் போடும் உரம் எல்லாம் மேல்மண்ணில் இருக்கிறது, முதலில் காய்வதும் மேல்மண்தான். வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போகும், சாப்பாடு மேலேயே கிடக்கும். காய்ந்த கரிசலில் வீசிய யூரியா இரவுப் பனியில் அரைகுறையாகக் கரைந்து, உள்ளே இறங்க வழியில்லாமல் அம்மோனியாவாகக் காற்றில் போகும். காசு போகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பயிர் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அதன் சாப்பாட்டைக் காற்றில் விடுவது எனக்கு மனசு பொறுக்காத காரியம்.

கருவி சிவப்பா பச்சையா என்று சொல்லும், எந்தப் பருவத்தில் எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லாது. அதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மக்காச்சோளம் நன்றாக வேர் பிடித்த பிறகு, பூ எடுப்பதற்கு வெகு முன்னால், ஆரஞ்சு வரை நான் விடுகிறேன். உச்சி வெயிலில் இலை சுருண்டு, சாயங்காலம் விரிந்தால் பயப்பட மாட்டேன். காலையிலேயே சுருண்டிருந்தால் மோட்டாரைப் போட்டுவிடுவேன். பூ எடுக்கும் சமயத்தில் மட்டும் பச்சைக்குக் கீழே இறங்க விடவே கூடாது. அப்போது காய்ந்தால் ஆண் பூ நேரத்துக்கு மகரந்தம் உதிர்த்துவிடும், கருதில் பட்டு நூல் வெளிவருவது மட்டும் தாமதமாகும். மகரந்தம் கிடைக்காத நூலுக்கு மணி கிடையாது. நுனி பொக்கையான கருதுகளைப் பார்த்து விதைக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் பூப் பருவத்தில் மண் எப்படி இருந்தது என்றும் யோசிக்க வேண்டும். பால் பிடிக்கும்போது காய்ந்தாலும் மணி சிறுத்துவிடும்.

பிஏபி பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தானே விடுகிறார்கள். முறை இல்லாத காலத்தில் கிணற்றுத் தண்ணீர் எல்லாக் காட்டுக்கும் எட்டாது. பூ எடுத்த மக்காச்சோளத்துக்கு முதல் தண்ணீர், மாட்டுத் தீவனத் தட்டுக்குப் போட்ட சோளம் காத்திருக்கட்டும் என்று முடிவு செய்ய இந்த விளக்கு உதவுகிறது. சோளம் வறட்சியில் வளர்ச்சியை நிறுத்திவைத்துக் காத்திருக்கும், தண்ணீர் கண்டால் மறுபடி கிளம்பும். ஆனால் வாடிய இளஞ்சோளத்தில் மாடுகளை விட்டுவிடாதீர்கள். பயிர் காயும்போது அதில் சயனைடு விஷம் கூடும், மழைக்குப் பிறகு துளிர்க்கிற கொழுந்திலும் இருக்கும். மாடு வைத்திருக்கும் எவரும் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓடைக்கல் கலந்த செம்மண்ணில், அதுவும் காய்ந்து கிடக்கும்போது, கம்பி இறங்காது. அடித்து இறக்கினால் வளைந்துவிடும். நான் முதலில் கடப்பாறையால் துளை போட்டு, அதில் சலித்த மண்ணைத் திரும்பப் போட்டுக் குத்திப் பார்த்தேன், நிறம் நம்பும்படி இல்லை. மண்ணைக் கிளறினாலே ஈரம் மாறிவிடுகிறது. அந்த மண்ணுக்கு இது சரிப்படாது. மத்தியான வெயிலில் விளக்கு சரியாகத் தெரியாது, கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். மண்ணில் மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்பதை வைத்துக் காட்டுவதால், உரம் வைத்த இடத்தில் நான் குத்துவதில்லை. கிணறு உப்பாக இருப்பவர்கள் நிறத்தை அப்படியே நம்பாமல், வேர்மட்டத்து மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாங்கின கடையில் இதை எல்லாம் யாரும் சொல்லவில்லை, பெட்டிக்குள் தமிழில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் திருத்த வேண்டும்.

முழுக்க மானாவாரியாக விதைக்கிறவர்கள் இதற்குக் காசு போட வேண்டாம். சிவப்பு எரிந்தால் பாய்ச்சத் தண்ணீர் வேண்டுமே. சொட்டுநீரில் உரம் விடுகிறவர்களும், கிணற்றை நம்பிக் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவர்களும் தயங்காமல் வாங்கலாம். ஒரே இடத்தில் குத்திவிட்டு வந்துவிடாதீர்கள். தலைமடை, நடு, கடைமடை மூன்றிலும் பாருங்கள். என் காட்டில் தலைமடை பச்சையாக இருக்கும்போதே கடைமடை சிவப்பாகிவிடுகிறது.