ஆதார் கேட்கும் பார், அதனால்தான் 5 ஸ்டார்

வேலூர் காட்பாடி ரோட்டில் இருக்கும் இந்த ஓட்டலுக்கு ஒரு ஸ்டார் போட்டவர்கள் பலர் எழுதியிருப்பது ஒரே புகார்தான்: மாடி பாரில் வயது கேட்கிறார்கள், ஆதார் காட்டச் சொல்கிறார்கள், கஸ்டமருக்கு மரியாதை இல்லை. நான் 5 ஸ்டார் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ் ஹாலில் சீரக சம்பா மட்டன் பிரியாணி அருமை, கூட வைக்கிற கத்திரிக்காயில் புளிப்பு சரியாக நிற்கிறது. தந்தூரி சுமார். பார்க்கிங் ரொம்பச் சின்னது, சனிக்கிழமை ராத்திரி கார் எடுத்துப் போகாதீர்கள்.

மாடியில் நண்பரோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து டேபிளுக்குக் கல்லூரிப் பசங்க நாலு பேர் வந்து பீர் கேட்டார்கள். கேப்டன் குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, 21 ஆயிடுச்சா? ஆதார் எதுனா இருந்தா காட்டுங்க" என்றார். இல்லை என்றதும் "கீழ வாங்க, நல்ல டேபிளா போட்டுத் தரேன், சாப்பிட்டுப் போங்க" என்று அவரே கூட்டிக்கொண்டு இறங்கினார். வருகிற காசை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். ஊரில் வேறு சில இடங்களில் மீசை முளைக்காத பையனுக்கும் கேள்வி கேட்காமல் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது என்பது ஏற்கெனவே இருக்கும் விதி. பாண்டிச்சேரியில் 18 என்பதால் இங்கேயும் அப்படித்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேரளா 2017இல் 21-ஐ 23 ஆக்கியது. நம்ம மாநிலத்திலும் ஏற்ற வேண்டும், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் என் ஆதரவு உண்டு, அதிலும் வெளியூர்ப் பசங்க இத்தனை பேர் வந்து தங்கிப் படிக்கிற வேலூருக்கு இது அவசரமான விஷயம். ஆனால் மேடையில் பேசுவதெல்லாம் மதுவிலக்கு, இல்லாவிட்டால் கடை மூடுவது. ராஜாஜி ஆட்சியில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் நம்ம வட ஆர்க்காட்டுக்கும் வந்தது, அப்புறம் அது போனதும் வந்ததும் தெரிந்த கதை. 2016, 2017, 2023 என்று மூன்று முறை தலா 500 கடைகள் மூடுவதாக அறிவித்தார்கள். மீதிக் கடைகளில் யாருக்கு விற்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

அமெரிக்காவில் குடிபோதை விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் போராடி, 1984இல் அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்டு, வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியை வெட்டுவோம் என்று சட்டம் வந்தது. 1988க்குள் எல்லா மாநிலமும் வழிக்கு வந்துவிட்டது. காசில் கை வைத்ததால் நடந்தது அது. இங்கே விதி போடுவதும் அரசு, 2003இலிருந்து சில்லறையாக விற்பதும் அரசின் டாஸ்மாக், அப்படியானால் யார் யாருக்கு நிதியை வெட்டுவது? அதனால் வயதை 23 ஆக்கு என்று கேட்கும் கட்சி, பில் போடும் இடத்தில் அடையாள அட்டை பார்த்தே ஆக வேண்டும், பார்க்காமல் விற்றால் இன்ன தண்டனை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒரு தனியார் ஓட்டலில் கேப்டன் ஒருவரால் முடிகிறது என்றால் அரசாங்கத்தால் ஏன் முடியாது?

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த ரூலை மாடிப்படி ஆரம்பத்திலேயே போர்டாக மாட்டிவிடுங்கள், தமிழோடு தெலுங்கு, இந்தி, வங்காளத்திலும் எழுதி, ஏனென்றால் இங்கே படிக்கவும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்களில் நிறையப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.