வயலின் வகுப்பு: காதுக்கு ஐந்து நட்சத்திரம், வில்லுக்கு இரண்டு

திருச்சியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி நடக்கிற பாட்டு, வயலின் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். நடத்துகிறவர் நல்ல மனிதர், நான் சொல்லப்போவதில் பாதி குறை.

சார் கச்சேரி பாடுகிறவர். வயலின் வாசிக்க மாட்டார். மகளைச் சேர்க்கப் போன அன்றே மறைக்காமல் சொல்லிவிட்டார். "நான் பாடுவேம்மா, பிள்ளைங்க கேட்டு வாசிக்கணும். மாண்டலின் சீனிவாஸ் அப்படித்தானே கத்துக்கிட்டார்?"

அது உண்மைதான். சீனிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாட்டு கற்றவர். அவர் பாடப் பாட, பையன் தந்தியில் பிடித்தான். ஆனால் அந்தப் பையன் ஏற்கெனவே அப்பாவின் மாண்டலினை எடுத்துக் கை பழகியவன். மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தைக் காட்டித்தர அன்றைக்கு ஆளும் கிடையாது. வயலின் கதை வேறு. அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து இருநூறு வருஷமாக நம்மிடம் இருக்கிற வாத்தியம். எந்த விரல் எங்கே என்பதெல்லாம் எப்போதோ முடிவான விஷயம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாரின் காது அபாரம். வாசலில் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார், உள்ளே எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும்போது "க இறங்குது, மூணாவது பாப்பா" என்று ஸ்வரத்தைச் சொல்லிவிடுவார். பாடாமல் எதையும் வாசிக்க விடமாட்டார். என் மகள் இப்போது தாளம் பிசகாமல், முதல் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்திலும் பாடுகிறாள். மாதம் 1,500 ரூபாய் இதற்கே தகும்.

சிக்கல் அந்த 'க'விலேயே இருந்தது. ஆரம்பப் பாடங்களுக்கான ராகமான மாயாமாளவகௌளையில் ஸ விரல் வைக்காத வெறும் தந்தி, ரி சுட்டுவிரல், க நடுவிரல், ம மோதிரவிரல். கவும் மவும் ஒட்டி உட்காரும், ரிக்கும் கவுக்கும் நடுவில் மட்டும் பெரிய இடைவெளி. சின்னக் கைக்கு அது எட்டாது. சார் வாரா வாரம் "ஏத்து, ஏத்து" என்றார். அவளும் ஏற்றினாள், ரியும் சேர்ந்து ஏறியது. "கை எப்படி வேணா இருக்கட்டும், ஸ்வரம் வந்தா போதும்" என்பது அவர் கட்சி.

ஒருநாள் சார் ஊரில் இல்லை. திருவையாறு இசைக் கல்லூரியில் வயலின் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி வகுப்பெடுத்தாள். மகளின் இடது கையைப் பார்த்ததுமே, "ஏன்டா வயலின் கழுத்தை இப்படிப் பிடிச்சிருக்கே?" என்றாள். உள்ளங்கை வயலினைத் தாங்கிப் பிடித்திருந்தது. அவள் சம்மணமிட்டு, தலைப்பக்கத்தை வலது காலில் ஊன்றி, பின்பக்கத்தை மார்பில் சாய்த்து, இடது கையை மொத்தமாக எடுத்துக் காட்டினாள். வயலின் அசையாமல் நின்றது. கை தாங்க வேண்டியதில்லை என்றால் விரல் தானாக நீளும். அன்றே க வந்துவிட்டது. வில் தந்திக்குக் குறுக்கே நேராகப் போகாமல் சாய்வதால்தான் கீச்சென்று கத்துகிறது என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாருக்குக் கீச்சு கேட்கும், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று அவரால் சொல்ல முடியாது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசைக்கு ஓர் ஆசிரியர், வயலினுக்கு வேறோர் ஆசிரியர் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

ஆரம்பப் பாடங்களைத் தாண்டி வர்ணம் வரை வந்துவிட்ட பிள்ளைகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இவரிடம் அனுப்பலாம். கிருதியைப் பாட்டாக வாசிக்க வைப்பதில் இவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் இல்லை. வில்லை முதன்முதலாகப் பிடிக்கிற பிள்ளை என்றால் வேண்டாம். நாங்கள் சனிக்கிழமைப் பாட்டை அவரிடமே வைத்துக்கொண்டு, வயலினை அந்தப் பெண்ணிடம் மாற்றிவிட்டோம். சார் கோபித்துக்கொள்ளவில்லை, "நல்லதும்மா" என்றார். சேர்வதானால் மாலை ஆறு மணி வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் அதிகம். வண்டி நிறுத்தவும் இடமில்லை.