சிந்தாத கூலண்ட் புனல்: கூலண்ட் மாற்றிய மறுநாள் சூடேறும் காருக்கு எவ்வளவு உதவும்?

ரேடியேட்டர் வாயில் நேராகப் பொருத்தி, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை ஊற்றுவதற்கென்று ஒரு புனல் தொகுப்பு விற்கப்படுகிறது. ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் புனல், பல அளவு ரேடியேட்டர் வாய்களுக்கு ஏற்ற அடாப்டர் மூடிகள், ஒரு நீட்டுக்குழாய், வளைந்த எல்போ ஒன்று, புனலின் அடியை அடைப்பதற்கு ஒரு நீண்ட தண்டு ஆகியவை அதில் இருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள உதிரிபாகக் கடை ஒன்றில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் இதை வாங்கினேன். ஒரு புனலுக்கு இவ்வளவா என்று வாங்கும்போது தோன்றத்தான் செய்யும். ஆனால் கீழே சிந்தாமல் ஊற்றுவது இதன் சிறிய பயன் மட்டுமே. வீட்டிலேயே கூலண்ட் மாற்றிய பிறகு கார் சூடேறினால், அது உள்ளே காற்றுப் பிடித்ததால் வந்த தொல்லையா, இன்ஜினுக்கே வந்த கோளாறா என்று கண்ணெதிரே பிரித்துக் காட்டுவதுதான் இதன் பெரிய பயன். இந்த மதிப்புரையை எழுதுவதும் அதற்காகத்தான்.

மடிப்பாக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா, தம்முடைய பழைய பெட்ரோல் காரின் மேல் ரேடியேட்டர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்ததால், அதை மாற்றிவிட்டு வீட்டு வாசலிலேயே புதுக் கூலண்ட் நிரப்பினார். மறுநாள் காலை கத்திப்பாரா நெரிசலில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது, சற்று இறங்கியது, மீண்டும் ஏறியது. வண்டியை ஓரங்கட்டி, ஆறவிட்டு, அருகில் இருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே பானெட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சோதனையும் செய்யவில்லை. கூலண்ட் எப்போது மாற்றியது என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. ஹெட்டை இறக்குவது என்பது கேஸ்கெட், லேத்தில் கொடுத்துத் தளம் சீவுதல், போல்ட், ஆயில், கூலி என்று பெரிய செலவில் கொண்டுபோய் விடும் வேலை. முதல் நாள்தான் கூலண்ட் மாற்றிய ஒரு வண்டியைப் பார்த்து முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றையே.

காற்று எப்படிச் சிக்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் புனலின் அருமை புரியும். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியே இருக்கும். பெரும்பாலான கார்களில் அது 82 முதல் 90 டிகிரி வெப்பத்துக்குள்தான் திறக்கத் தொடங்கும். நாம் ரேடியேட்டர் வாய்வழியாக ஊற்றும் கூலண்ட் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பிவிடும். ஆனால் மூடிய தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால், இன்ஜின் பிளாக்கிலும் ஹெட்டிலும் ஹீட்டர் குழாய்களிலும் இருக்கும் காற்று வெளியேற வழியின்றி நின்றுவிடும். சில தெர்மோஸ்டாட்டுகளில் காற்று மெல்லக் கசிந்து வெளியேறுவதற்கென்றே ஆடும் முள்ளுடன் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். அதையும் துளை மேற்பக்கம் வரும்படி பொருத்தினால்தான் பயன். உள்ளே நிற்கும் காற்று உலோகத்தின் வெப்பத்தைத் திரவம் வாங்குவதுபோல வாங்காது. அந்த இடத்தைச் சுற்றியுள்ள கூலண்ட் கொதித்து ஆவியாகும். காற்றை வாங்கிய வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளாது. வெப்ப உணரியின் மேல் ஒரு கணம் ஆவியும் அடுத்த கணம் திரவமும் படுவதால் முள் ஏறி ஏறி இறங்கும். சித்தப்பாவின் வண்டி காட்டியதும் இதே அறிகுறிதான்.

இன்னொரு தடயமும் இருந்தது. வடித்த பழைய கூலண்டை அவர் ஒரு பெயிண்ட் வாளியில் பிடித்து வைத்திருந்தார். அதை அளந்தபோது நான்கு லிட்டருக்குச் சற்று மேலே இருந்தது. புதிதாக உள்ளே போனதோ மூன்றரை லிட்டர்தான். அந்த வித்தியாசம் முழுவதும் உள்ளே காற்றாக நின்றிருக்கிறது. வீட்டில் கூலண்ட் மாற்றும் எவரும் வடித்ததை அளக்காமல் கொட்டிவிடக் கூடாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்புச் சுவை உள்ளதால் தெரு நாய்களும் பூனைகளும் நக்கிவிடும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் மூடிய கேனில் எடுத்து வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிப் புனலுக்கு வருகிறேன். இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தத்தோடு கொதிநீர் முகத்தில் அடிக்கும். காரின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் ரேடியேட்டர் வாய் உயரமான இடத்துக்கு வரும். சமதரையான சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதில்லை. அடுக்ககங்களின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் ஏறும் சரிவே போதும். நாங்கள் அங்கேதான் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். அடாப்டரை வாயில் திருகி, அதன் மேல் புனலைப் பொருத்தி, கால்வாசி நிரப்பினோம். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வெப்பத்துக்குத் திருப்பினோம். "ஏம்மா, இந்த அக்னி வெயில்ல ஹீட்டரா?" என்று சித்தப்பா கேட்டார். ஹீட்டரின் குழாய்களிலும் இதே கூலண்ட்தான் ஓடுகிறது. பல கார்களில் ஹீட்டரைத் திறந்தால்தான் அந்தக் கிளைக்குள் ஓட்டம் வந்து, அங்கே நிற்கும் காற்றும் வெளியேறும். அது மட்டுமன்று, ஹீட்டர் ஒரு சோதனையும்கூட: இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலண்ட் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள்.

இன்ஜினை ஓடவிட்டதும் முதலில் கடுகளவுக் குமிழிகள் சில வந்தன. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. மேல் ஹோஸைத் தொட்டால் குளிர்ந்தே இருந்தது. திடீரென்று ஹோஸ் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அடுத்த நொடி களுக்கென்று ஒரு பெரிய குமிழி மேலே வந்து உடைந்து, புனலில் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியது. கீழ் ஹோஸைத் தடித்த துணியால் பிடித்து மெல்ல அழுத்தி அழுத்தி விட்டபோது இன்னும் சில குமிழிகள் வந்தன. ஹீட்டரில் வந்துகொண்டிருந்த குளிர்காற்று வெந்நீர் ஆவிபோல் மாறியது. இவை அனைத்தையும் கண்ணால் பார்க்க முடிந்ததுதான் இந்தப் புனலின் சிறப்பு. சாதாரணப் புனலில் ஊற்றினால் மட்டம் வாயோடு நின்றுவிடும், காற்று வந்த இடத்துக்குக் கூலண்ட் உடனே இறங்காது. இதில் வாய்க்கு மேலே எப்போதும் ஒரு கையிருப்பு நிற்பதால், காற்று ஏற ஏறக் கூலண்ட் தானாகவே கீழே இறங்கி அந்த இடத்தைப் பிடிக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரையில் பொறுத்திருந்தோம். அதன் பிறகு ஒரு குமிழிகூட வரவில்லை.

குமிழிகள் நிற்பதுதான் இங்கே விடை. சிக்கிய காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அது தீர்ந்ததும் புனல் அமைதியாகிவிடும். ஹெட் கேஸ்கெட் கசிந்தால், சிலிண்டரில் எரியும் வாயுவே கூலண்டுக்குள் புகுவதால் குமிழிகள் தீராமல் வந்துகொண்டே இருக்கும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்னும் கூடும். அப்படி வந்தால் அதன் பிறகு புனலைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே நீல நிறத் திரவத்தால் வாயுவைச் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிலிண்டரில் எரிந்த வாயுவில் உள்ள கரியமில வாயு பட்டால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருப்பதும், இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை தொடர்வதும் கேஸ்கெட்டைச் சுட்டும் மற்ற அடையாளங்கள். சித்தப்பாவின் வண்டியில் இவற்றில் ஒன்றும் இல்லை. அவர் ஹெட்டை இறக்கவில்லை. வண்டி இப்போது அண்ணாசாலை நெரிசலிலும் முள் அசையாமல் ஓடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்போவின் ரப்பர் வளையம் மெல்லியது; முதலில் இறுக்கியபோது ஓரத்தில் கசிந்தது, கழற்றித் துடைத்து மறுபடி இறுக்கிய பிறகே நின்றது. எந்த அடாப்டர் எந்தக் காருக்கு என்ற விவரம் தொகுப்பில் இல்லை. ஆகவே ரேடியேட்டர் மூடியைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவதே நல்லது. எல்லாவற்றிலும் பெரிய குறை, ரேடியேட்டரில் வாயே இல்லாத கார்களுக்கு இது பெரும்பாலும் உதவாது என்பதுதான். பல ஐரோப்பிய வடிவமைப்புகளில் அழுத்த மூடி, ரேடியேட்டரில் இல்லாமல் விரிவுத் தொட்டியின் மேல் இருக்கும். அத்தகைய கார்களில் காற்றை வெளியேற்ற இன்ஜினில் தனித் திருகு வைத்திருக்கலாம், அல்லது பட்டறையில் கம்பிரசர் கொண்டு உள்ளே வெற்றிடம் உண்டாக்கிக் கூலண்டை இழுக்கவிடும் கருவி தேவைப்படலாம். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் இந்தத் தொகுப்பில் பணம் போட வேண்டாம்.

புனல் தீர்க்காத கோளாறுகளும் பல உண்டு. கார் நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமெடுத்ததும் தணிந்தால், குற்றம் ஃபேனில், அதன் மோட்டாரில், ஃபியூஸில் அல்லது ரிலேயில் இருக்கும். ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மாறாக, வேகத்தில் போகும்போதே ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையும் தெர்மோஸ்டாட்டையும் சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் சந்தேகிப்பதே இல்லை. பல கார்களில் அது 0.9 முதல் 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்து, அதன் மூலம் கொதிநிலையை உயர்த்துகிறது. அதே மூடியில் உள்ள இன்னொரு சிறு வால்வு, இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுக்கிறது. அதன் ரப்பர் கெட்டியாகிப் போனால் டேங்கில் மட்டம் நிறைந்தே நிற்கும், ரேடியேட்டரோ குறைந்திருக்கும். டேங்கை மட்டும் பார்த்துவிட்டுக் கூலண்ட் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

ஊற்றும் பொருளைப் பற்றியும் ஒரு சொல். உறைபனியே காணாத சென்னைக்குக் கூலண்ட் எதற்கு, தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. துருத் தடுப்பும், உயர்ந்த கொதிநிலையும் கூலண்டில்தான் இருக்கின்றன; தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலண்ட், அழுத்தம் இல்லாமலேயே ஏறத்தாழ 107 டிகிரி வரை கொதிக்காது. அதற்காகத் தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலண்டை அப்படியே ஊற்றவும் கூடாது. கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவான வெப்பத்தையே சுமக்கும். கலப்பதற்கு இன்வெர்ட்டருக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரே சரி. மடிப்பாக்கத்துப் போர்த் தண்ணீர் வெந்நீர் பாத்திரத்தின் அடியில் படியவிடும் வெள்ளை உப்பைப் பார்த்தவர்களுக்கு, அதை ஏன் ரேடியேட்டரின் நுண்குழாய்களுக்குள் விடக் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை. நிறத்தை நம்பிப் பழையதோடு புதியதைக் கலக்கவும் வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை, காரின் கையேடு சொல்லும் வகையையே பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரில் வாய் உள்ள கார் வைத்திருந்து, கூலண்டைத் தாமே மாற்றுகிறவர்கள் இந்தத் தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம். வேலை முடிந்ததும் இன்ஜின் நன்றாக ஆறும்வரை புனலைக் கழற்ற வேண்டாம். ஆறிய பிறகு தண்டால் அடியை அடைத்துத் தூக்கினால், மிஞ்சிய கூலண்ட் ஒரு சொட்டுச் சிந்தாமல் கேனுக்குத் திரும்பிவிடும். மறுநாள் காலை இன்ஜினைக் கிளப்பும் முன் ரேடியேட்டரையும் ரிசர்வ் டேங்கையும் சேர்த்தே பாருங்கள். மட்டம் சற்று இறங்கியிருந்தால் நிரப்புங்கள். அதன் பிறகும் நாள்தோறும் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இந்தப் புனல் போதாது, பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.