பயிற்சியாளரின் பழைய தவறு: கழகத்துக்குள் விசாரணையா, சட்டப்படி புகாரா?

வடசென்னையின் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கால்பந்தும் குத்துச்சண்டையும் கற்றுத்தரும் பயிற்சியாளரைப் பல குடும்பங்கள் தந்தைக்கு நிகராக மதிக்கின்றன. அதனால், அவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனை இழிவாகப் பேசினார் என்றோ, ஒரு சிறுமியிடம் அத்துமீறினார் என்றோ தெரியவரும்போது, பெரியவர்கள் முதலில் நாடுவது விளையாட்டுக் கழகத்துக்குள் பேசி முடிக்கும் வழியைத்தான்.

உருவக் கேலி, வசைச்சொல் போன்றவற்றுக்கு அவ்வழி பொருந்தும். மன்னிப்பும் இடைநீக்கமும் விரைவில் கிடைக்கும். ஆனால் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் அவரிடமே விளையாடி வளர்ந்தவர்கள். வெளியாள் ஒருவரும் எழுத்துப் பதிவும் இல்லையென்றால், அவர் அடுத்த மைதானத்தில் மீண்டும் பயிற்சி தருவதை யாராலும் தடுக்க முடியாது.

சட்டவழி நீண்டது, பாதிக்கப்பட்டவர் நடந்ததை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும், அது பெரும் வேதனை. எனினும், குழந்தை மீதான பாலியல் குற்றத்தில் வேறு வழிக்கே இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அறிந்தவர் தெரிவிக்காமல் மறைப்பதையே குற்றமாக்குகிறது. ஆகவே கழகத்தின் சமரசம் நிர்வாகிகளையும் குற்றவாளிகளாக்கும். பாதிக்கப்பட்டவர் வளர்ந்த பிறகும் புகார் கொடுக்கலாம். வயதுவந்த வீராங்கனைக்கு நிலைமை வேறு: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டு வளாகங்களையும் உள்ளடக்கினாலும், அச்சட்டப்படி அமைந்த புகார்க் குழுவிடம் புகார் தர மூன்று மாதமே தருகிறது, தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பழைய சம்பவங்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருப்பதால், அவர்கள் காவல் நிலையத்தைத்தான் நாட வேண்டும்.