தடை நீங்கிய வாரத்தில் மாயேபூர் ஆக்டோபஸ்

மொரிஷியஸுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் தைப்பூசக் காவடிக்கோ டிசம்பர் விடுமுறைக்கோதான் டிக்கெட் போடுகிறார்கள். சாப்பாட்டில் நாட்டம் உள்ளவர்கள் அக்டோபர் மூன்றாம் வாரத்தைப் பாருங்கள் என்பேன். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை அங்கே ஆக்டோபஸ் பிடிக்கத் தடை. 16-ஆம் தேதி தடை நீங்கும். அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாகப் புரட்டாசியும் முடிந்துவிடும். மாதம் முழுக்கக் கோவிந்தன் விரதம் என்று மீனும் கறியும் தொடாமல், சனிக்கிழமைகளில் பஜனையில் உட்கார்ந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் கடற்கரைப் பக்கம் கூடையோடு கிளம்பும் வாரம் அது. சென்னையில் குடியேறிவிட்ட எனக்கு இந்த முறை ஊர்ப் பயணம் சரியாக அந்த வாரத்தில் வாய்த்தது.

விமான நிலையம் இருக்கும் பிளேசான்ஸிலிருந்து தென்கிழக்குக் கடலோர ஊரான மாயேபூர் கால் மணி நேரம்தான். டாக்சியில் ஏறும் முன்பே வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள். சுமை இல்லையென்றால் பஸ்ஸே போதும். ஆனால் சாயங்காலத்துக்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. என் அண்ணன் வீடு மாயேபூரில் இருப்பதால் தங்கும் கவலை எனக்கு இல்லை.

ஆக்டோபஸை அங்கே பேசும் கிரியோல் மொழியில் ஊரித் என்பார்கள். நம் கடலோரத்தில் பேய்க்கணவாய் என்பது இதைத்தான். மாயேபூர் சந்தையிலேயே கிடைக்கும். ஆனால் நல்லதாக வேண்டுமென்றால் வடக்கே கடலோரமாகப் போகும் சாலையில் வியே கிராம் போர் பக்கம் போக வேண்டும் என்றார் அண்ணி. டச்சுக்காரர்கள் 1598-இல் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். 1810-இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய கடற்போர் நடந்ததும் இதே விரிகுடாவில். இன்றைக்கு அங்கே படகுகள் கரையேறும் துறைகளும், வலை காயும் முற்றங்களும், சிங்க மலையின் நிழலும்தான்.

போகும் நேரம் முக்கியம். கடல் வற்றும்போதுதான் பவளத்திட்டில் நடந்து ஊரித் தேட முடியும். மொரிஷியஸில் நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டர்கூட வராது; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நன்றாக வற்றும். அதனால் காலையில் எத்தனை மணிக்கு வற்றம் என்று முதல் நாளே விசாரித்துக்கொண்டு, அது முடியும் நேரத்துக்குத் துறையில் போய் நின்றோம்.

இடுப்பளவு நனைந்த பாவாடையும் ஓலைத் தொப்பியுமாக ஒரு அம்மா கரையேறினார். கையில் முனை வளைந்த இரும்புக் கம்பி, தோளில் சாக்கு. "தாந்தீன், இன்றைக்கு எப்படி?" என்று அண்ணி கேட்டார். அங்கே வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பதில் சொல்லாமல் சாக்கை விரித்துக் காட்டினார். மேலே கிடந்த ஊரித்தின் தோலில் இன்னும் நிறம் ஓடிக்கொண்டிருந்தது. பழுப்பு வெளுத்தது, திட்டுத் திட்டாகக் கருத்தது, மறுபடி வெளுத்தது. விரலை வைத்தேன்; உறிஞ்சிகள் பிடித்துக்கொண்டன. புதுச் சரக்கு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தோல் இளஞ்சிவப்பாக மாறிக் கொழகொழவென்று இருந்தால் பழையது, வாங்காதீர்கள்.

எடை போட்டதும் அவரே சுத்தம் செய்து கொடுத்தார், கூடுதல் காசு கேட்கவில்லை. ஊரித்தின் தலைபோல் இருக்கும் பையை உள்வெளியாகத் திருப்பிக் குடலையும் மைப்பையையும் ஒரே இழுப்பில் எடுத்தார். எட்டுக் கைகளும் சேரும் நடுவில் குட்டைக் கத்தியைக் குத்திக் கிளி மூக்கு மாதிரி இருந்த அலகைப் பெயர்த்தார். பிறகு கல்லுப்பை அள்ளிப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிற நுரை வழிந்தது. கடல் நீரில் அலசி, பக்கத்துக் கருங்கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்த அடியில்தான் சதை இளகும். இத்தனையும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கண் சாக்கின் மேல் இருக்க, சில நிமிடங்களில் முடிந்தது. பெரிய கடைகளில் இப்படி ஒரு கவனிப்பை நான் பார்த்ததில்லை.

விலையை லீவ்ர் கணக்கில் பேசுவார்கள், ஏறத்தாழ அரைக் கிலோ. முதல் நாள் விலை கூடத்தான் இருந்தது. பனியான் என்று அங்கே சொல்லும் மீன் வியாபாரிகள் துறையிலேயே காத்திருந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள், அவர்கள் கையிலிருந்து சந்தைக்குப் போகும்போது இன்னும் ஏறுகிறது. அதனால் முடிந்தவர்கள் கரையிலேயே வாங்குங்கள். அந்தக் காசு முழுதாகக் கடலில் இறங்கியவருக்குப் போகிறது. பலர் கைபேசியில் ஜூஸ் என்ற வங்கிச் செயலி வழியாகப் பணம் வாங்குகிறார்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத நம்மைப் போன்றவர்கள் ரொக்கம் கொண்டு போக வேண்டும்.

வசதி என்று பார்த்தால் வருத்தம்தான். நாங்கள் போன துறைகளில் ஒன்றில் குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. நிழல் கிடையாது, ஐஸ் கிடையாது. விடியலிலிருந்து தண்ணீரில் நின்றவர்கள் வெயிலில் உட்கார்ந்து விற்கிறார்கள். ஒரு கூரையும் ஒரு ஐஸ் பெட்டியும் இருந்தால் பனியான் சொல்லும் விலைக்கு அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டிய நிலை அவர்களுக்கு இருக்காது. இதை யாராவது கவனிக்க வேண்டும்.

இந்தத் தடைக்காலம் எதற்கு என்று உறவுக்காரப் பிள்ளைகள் கேட்டார்கள். ஆக்டோபஸின் ஆயுள் ஒன்று, ஒன்றரை வருடம்தான். அதற்குள் மளமளவென்று வளர்ந்துவிடும். பெண் ஒரே ஒரு முறைதான் முட்டையிடும். பொந்துக்குள் இரை எடுக்காமல் முட்டைகளைக் காத்துக் கிடந்து, குஞ்சு பொரித்ததும் செத்துப்போகும். அதனால் இரண்டு மாதம் சும்மா விட்டாலே குட்டியாக இருந்தது கனத்துவிடுகிறது, முட்டையிட வேண்டியது இட்டுவிடுகிறது. மடகாஸ்கரில் அந்தாவதுவாகா என்ற மீனவ ஊர் 2004-இல் இதைச் செய்து பார்த்தது. மொரிஷியஸ் நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவு 2012-இல் தொடங்கியது; அங்கே ஊரித் பிடிப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள், மூடிய மாதங்களில் அவர்களுக்கு மாற்று வேலை கொடுத்தார்கள். மொரிஷியஸ் பெரிய தீவு 2016-இல் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்துகிறோமே, ஜூன் நடுவில் காசிமேட்டில் நெரிசல் எப்படி இருக்கும்! இங்கே அந்த இரைச்சல் இல்லை, ஆனால் முகங்களில் அதே களை.

இந்தக் கரை மக்களுக்கு மூடிய கடல் என்றால் இன்னொரு நினைவும் உண்டு. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பக்கத்துப் புவாந்த் தெஸ்னியில் பவளத்திட்டில் ஏறி, ஆகஸ்டில் எண்ணெய் கசிந்தது. கரும்புச் சோகையைத் துணிக்குள் அடைத்து நீளமாகத் தைத்து மக்களே கடலில் தடுப்புப் போட்டார்கள். மாதக்கணக்கில் இந்தப் பகுதியில் மீன்பிடிப்பு நின்றது. அதனால் இன்று சாக்கில் கனமாக ஏதாவது வருகிறது என்றால் எனக்கு மனசு நிறைகிறது.

சரி, சமையலுக்கு வருவோம். அண்ணி பாதியைக் குழம்பு வைத்தார். ஊரித்தைத் தண்ணீர் ஊற்றாமல் அது விடும் நீரிலேயே வேகவிட்டு, பிறகு வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை, மசாலாவோடு பச்சைப் பப்பாளித் துண்டுகளைச் சேர்த்தார். பப்பாளிதான் சதையைப் பூவாக்கியது. சோறு, பருப்பு, முருங்கைக்கீரைச் சாறு, தக்காளிச் சட்னி. மீதியை விந்தாய் போட்டார்: வெந்த துண்டுகளில் அரைத்த கடுகு, மஞ்சள், வினிகர், முழுப் பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். விந்தாயை அன்றே தொட வேண்டாம், மறுநாள்தான் கடுகு இறங்கும்.

இதற்கு நேர்மாறாக, அதே வாரம் கடற்கரை விடுதி ஒன்றின் உணவகத்தில் ஊரித் சாலட் கேட்டோம். இன்று பிடித்தது என்று பரிமாறியவர் உறுதியாகச் சொன்னார். வந்தது ரப்பர். சமையல்காரரைக் கூப்பிட்டு நேராகக் கேட்டதும், உறைய வைத்தது என்று ஒப்புக்கொண்டார். உறைய வைத்ததில் தப்பில்லை, உண்மையில் உறைய வைத்தால் சதை மெத்தென்றும் ஆகும். பொய் சொல்லிக் கூடுதல் விலை வாங்குவதுதான் தப்பு. சந்தைப் பக்கத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் விலை பாதி, பதில் நேர்மை.

வெளியூரிலிருந்து வருபவர்கள் திங்கட்கிழமையை மாயேபூருக்கு ஒதுக்குங்கள். பெரிய சந்தை அன்றுதான், பஸ் நிலையமும் பக்கத்திலேயே. நண்டு வாங்குவதானால் வயிற்றில் முட்டைக் கொத்து இருப்பதை யார் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஊரித்துக்கு மூடி போட்ட வாளியும் ஐஸும் கையோடு கொண்டு போங்கள், துறையில் இரண்டும் கிடைக்காது.